இலங்கைத் தீவில் மகப்பேற்று விகிதம்: ஒரு வரலாற்று நோக்கும் திருச்சபைக்குரிய சிந்தனையும்

முன்னுரை

பிள்ளைப்பேறு இறைவன் அருளும் ஈவு என்பது திருமறை முழுவதும் ஓடும் நம்பிக்கை. சாராளும் ராகேலும் அன்னாளும் எலிசபெத்தும் அந்த நம்பிக்கையின் சாட்சிகள். ஆயினும் ஒரு நாட்டில் எத்தனை பிள்ளைகள் பிறக்கின்றன, எத்தனை பிழைக்கின்றன, அவர்களைப் பெறும் தாய்மார் எவ்வாறு வாழ்கின்றனர் என்பனவெல்லாம் வரலாற்றுக்கும் அரசியலுக்கும் உட்பட்டவை. இவற்றைப் பற்றித் திருச்சபை பேச வேண்டுமாயின் வரலாற்றை முதலில் கற்றல் வேண்டும்.

இன்று இக்கேள்வி நம்மிடையே புதிய வடிவில் எழுந்துள்ளது. குடும்பம் சிறிதாக இருக்க வேண்டும் என்று இரண்டு தலைமுறைகளாக நம் மக்களுக்குப் போதிக்கப்பட்டது. இப்பொழுதோ, தொகுதி மறுவரையறையில் மக்கள்தொகை குறைந்த மாநிலங்கள் நாடாளுமன்ற இடங்களை இழக்கக்கூடும் என்ற அச்சத்தினால், அதிகப் பிள்ளைகளைப் பெற வேண்டும் என்னும் பேச்சு 2024ஆம் ஆண்டு முதல் தென்மாநிலத் தலைவர்களின் மேடைகளில் கேட்கிறது. பதினாறு பேறுகளைப் பற்றிய பழைய வாழ்த்தும் அரசியல் பொருள் பெற்றுவிட்டது. திருமணங்களை நடத்தி வைத்து, குழந்தைகளுக்குத் திருமுழுக்களிக்கும் ஆயர்கள் இதனைக் கேட்டும் கேளாதவர்போல் இருத்தல் இயலாது.

இச்சூழலில் நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கைத் தீவின் வரலாறு பெரிதும் பயன்படும். தெற்காசியாவில் மகப்பேற்று விகிதம் முதன்முதலில் பெருமளவு சரிந்த நாடு அதுவே. அங்கே நம் மொழி பேசும் மக்களும் உள்ளனர். நம்மோடு தொப்புள்கொடி உறவுடைய திருச்சபையும் உள்ளது. 1816இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்கன் மிஷனே 1834இல் கடல் கடந்து மதுரையில் தன் பணியை நிறுவியது. யாழ்ப்பாணத்தில் உழைத்த டானியேல் பூர் ஐயர் 1830களில் மதுரைக்கு வந்து பள்ளிகளைப் பெருக்கினார். ஆகவே அத்தீவின் தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றிய வரலாறு மதுரைத் திருச்சபைக்கு அந்நிய வரலாறன்று.

1. ஏடுகளும் எண்களும்

மகப்பேற்று விகிதம் என்பது யாது? ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதுப் பெண்களுக்கும் பிறக்கும் பிள்ளைகளின் விகிதத்தைக் கணக்கிட்டு, அதே நிலை நீடித்தால் ஒரு பெண் தன் பிள்ளைபெறும் காலம் முழுவதிலும் சராசரியாக எத்தனை பிள்ளைகளைப் பெறுவாள் என்று காட்டும் எண்ணே அது. ஒரு தலைமுறை தன்னைத்தான் ஈடுசெய்து கொள்வதற்கு இவ்வெண் ஏறத்தாழ 2.1 ஆக இருத்தல் வேண்டும் என்பர்.

இத்தகைய கணக்குக்கு நல்ல பதிவேடுகள் தேவை. இலங்கையில் அவை நெடுங்காலமாக உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் சீர்திருத்தத் திருச்சபையின் பள்ளிகளோடு இணைந்த தோம்புகளில் குடும்பம் குடும்பமாகத் திருமுழுக்கும் திருமணமும் எழுதப்பட்டன. பிரித்தானியர் காலத்தில், 1867இலிருந்து பிறப்பு இறப்புப் பதிவு சட்டத்தின்கீழ் ஒழுங்காக நடைபெறலாயிற்று. 1871இல் நடந்த முதலாவது குடிமதிப்பு தீவின் மக்கள்தொகையை ஏறத்தாழ 24 இலட்சம் என்று கண்டது. 1946இல் அது 66.5 இலட்சமாகவும், 1981இல் 1.48 கோடியாகவும், 2012இல் 2.03 கோடியாகவும் உயர்ந்தது. 2024ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 2.17 கோடியாகும்.

இவ்வேடுகள் வெறும் கணக்குப் புத்தகங்கள் அல்ல என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு பிறப்புப் பதிவு இருப்பதும் இல்லாமற்போவதும் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே தீர்மானித்த கதையைப் பின்னர்க் காண்போம்.

2. மரணம் பின்வாங்கிய காலம்

பிறப்பின் வரலாறு மரணத்தின் வரலாற்றோடு பிணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ நாற்பது பிறப்புகள் நிகழ்ந்தன. ஆயினும் பிறந்தவர்களில் பலர் நிலைக்கவில்லை. 1934-35இல் மலேரியாக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபொழுது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. 1935இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 260க்கும் மேற்பட்டோர் முதலாண்டு நிறைவதற்கு முன்னரே மடிந்தனர். 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் உயிரிழந்தனர். பல முறை கருவுறும் பெண்ணுக்கு இதன் பொருள் யாது? ஒவ்வொரு பிரசவமும் அவள் மரணத்தின் வாசலைத் தொட்டுத் திரும்பும் பயணமாயிற்று.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் பயிற்சிபெற்ற மருத்துவச்சிகள் ஆவர். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று மருத்துவ நூலொன்றும் அவர் முயற்சியால் 1857இல் தமிழில் வெளிவந்தது. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது. 1898இல் யாழ்ப்பாணத்து இணுவிலில் பெண்களுக்கெனவே மக்லியோட் மருத்துவமனை எழுந்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு, ஒரு குறிப்பிட்ட பகுதியின் வீடுகளை எல்லாம் சுகாதாரப் பணியாளர் சென்று காணும் முறையை நிலைநாட்டியது. காலப்போக்கில் அம்முறை தீவு முழுவதும் பரவிற்று. கர்ப்பிணியின் வீட்டு வாசலுக்கே மருத்துவ மாது வந்து சேர்ந்தாள்.

1931இல் இருபத்தொரு வயதான ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குரிமை பெற்ற ஏழைகளுக்கு அரசு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மருத்துவமனைகளும் இலவச மருத்துவமும் உணவுப் பங்கீடும் வளர்ந்தன. 1945ஐ ஒட்டி டி.டி.டி. மருந்தால் மலேரியா ஒடுக்கப்பட்டது. 1946இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. ஒரே ஆண்டில் நேர்ந்த இந்த மாற்றம் உலகெங்கும் பேசப்பட்டது. டி.டி.டி. மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறினோரும் உண்டு. மருத்துவமனைகளும் உணவும் மருத்துவச்சிகளும் சேர்ந்தே இதனைச் செய்தன என்று மறுத்தோரும் உண்டு. பின்னைய கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஏனெனில் மலேரியா மிகக் குறைவாக இருந்த பகுதிகளிலும் இறப்பு விகிதம் சரிந்தது.

3. சரிவின் வரலாறு

இறப்பு குறைந்து பிறப்பு குறையாதபொழுது மக்கள்தொகை விரைந்து பெருகிற்று. 1953ஐ ஒட்டி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5.3 பிள்ளைகள் பிறந்தனர். இதற்குப் பின் நிகழ்ந்த சரிவினைக் கீழ்க்கண்டவாறு சுருக்கிக் கூறலாம். 1960களின் தொடக்கத்தில் அவ்வெண் ஏறத்தாழ 5 ஆயிற்று. 1971ஐ ஒட்டி 4.2 ஆகவும், 1981ஐ ஒட்டி ஏறத்தாழ 3.4 ஆகவும் இறங்கிற்று. மாதிரிக் கணக்கெடுப்புகள் 1987இல் 2.8 என்றும், 1993இல் 2.3 என்றும், 2000இல் 1.9 என்றும் காட்டின. உள்நாட்டுப் போரின் காரணமாக 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வடபகுதியை உள்ளடக்கவில்லை என்பதால் இறுதி எண்ணை எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும். 2006-07இல் 2.3 என்றும், 2016இல் 2.2 என்றும் கணக்கிடப்பட்டது.

அண்மை ஆண்டுகளில் மீண்டும் ஒரு கூர்மையான வீழ்ச்சி நேர்ந்துள்ளது. 2013இல் 3.6 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகள் பதிவாயின. 2024இல் அவை ஏறத்தாழ 2.2 இலட்சமாகக் குறைந்தன. பெருந்தொற்று, 2022இன் பொருளாதார வீழ்ச்சி, இளையோரின் வெளிநாட்டுக் குடியேற்றம், திருமணத்தைத் தள்ளிவைத்தல் ஆகியவை இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. முற்காலச் சரிவு நம்பிக்கையினால் வந்தது எனில், இக்காலச் சரிவில் வருங்காலத்தைப் பற்றிய கலக்கமும் கலந்துள்ளது எனலாம்.

அரசின் குடும்பத் திட்டம் இவ்வரலாற்றில் எப்பொழுது நுழைந்தது என்பதைக் கவனித்தல் நலம். 1953இல் தன்னார்வலர்களால் குடும்பத்திட்டச் சங்கம் நிறுவப்பட்டது. 1958இல் சுவீடன் நாட்டின் உதவியோடு முன்னோடி முயற்சிகள் தொடங்கின. 1965இல்தான் அது நாடு முழுமைக்குமான அரசுப் பணியாயிற்று. அதற்கு முன்னரே சரிவு தொடங்கிவிட்டது. அதுமட்டுமன்று, 1987இல் குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த தம்பதியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மருத்துவச் சாதனங்களை நாடாமல், கணவனும் மனைவியும் ஒத்துழைத்தாலன்றி இயலாத மரபு முறைகளையே பயன்படுத்தினர். கிளினிக்குகள் உதவின, ஆனால் சிறிய குடும்பத்தை விரும்பும் மனம் வீட்டிற்குள்ளேயே உருவாயிற்று.

4. பெண் கல்வியும் திருமண வயதும்

அம்மனம் எவ்வாறு உருவாயிற்று? முதற்கட்டச் சரிவுக்குப் பெருங்காரணம் திருமண வயது உயர்ந்ததே என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. 1901இல் இலங்கைப் பெண்ணின் சராசரித் திருமண வயது ஏறத்தாழ 18. 1953இல் அது 21ஐ நெருங்கிற்று, 1971இல் 23.5, 1981இல் 24.4. தெற்காசியாவின் பிற நாடுகளில் இதற்கு ஒப்புமை அரிது.

திருமணம் தள்ளிப்போனதற்குக் கல்வி ஒரு காரணம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபொழுது 1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1946இல் பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 44 விழுக்காடு. 1981இல் 83 விழுக்காடு. அதே 1981இல் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 40 விழுக்காடாகவே இருந்தது என்பதை ஒப்பிட்டுக் காண்க.

இக்கல்வி வெறும் வெளியில் தோன்றிவிடவில்லை. 1824இல் உடுவிலில் அமெரிக்கன் மிஷன் நிறுவிய பெண்கள் விடுதிப் பள்ளி ஆசியாவிலேயே இவ்வகையில் முற்பட்டவைகளுள் ஒன்று. தொடக்கத்தில் பெண்ணைப் படிக்க அனுப்பப் பெற்றோர் அஞ்சினர். ஒரு தலைமுறைக்குள்ளாகவே, படித்த பெண்ணை மணக்க விரும்பும் இளைஞர் அப்பகுதியில் தோன்றினர். வேம்படியிலும் பிற ஊர்களிலும் மெதடிஸ்த, ஆங்கிலிக்கத் திருச்சபைகளின் பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்கு எதிர்வினையாகச் சைவர்களும் பௌத்தர்களும் இஸ்லாமியரும் தங்கள் பெண்களுக்கெனப் பள்ளிகளைக் கட்டினர். மிஷனரிகள் எதிர்பார்த்தது மனமாற்றம். அவர்கள் எதிர்பாராமலே விளைந்தது எல்லாச் சமயப் பெண்களின் எழுத்தறிவு. இறைவனின் வழிகள் நம் திட்டங்களுக்குள் அடங்குவன அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1960களிலும் 1970களிலும் திருமணம் தாமதித்ததற்கு வேலையின்மையும் சீதனக் கொடுமையும் காரணங்களாயின. 1971இல் தென்னிலங்கையில் கிளர்ந்தெழுந்த இளைஞரில் பலர் படித்து வேலையற்றோர். சீதனம் சேரும்வரை காத்திருந்து முதிர்ந்த பெண்களின் கண்ணீரைப் புள்ளிவிவரம் தாமதத் திருமணம் என்று மட்டுமே பதிவுசெய்கிறது. ஆதலின் ஒரு விகிதம் குறைந்தது என்றவுடன் அதனை வளர்ச்சி என்று கொண்டாடுவதும் பொருந்தாது.

எனினும் ஒரு மாற்றம் ஐயத்துக்கு இடமின்றி நன்மையானது. 1946இல் அத்தீவில் 100 பெண்களுக்கு 113 ஆண்கள் இருந்தனர். ஆண் தொழிலாளரின் குடியேற்றம் ஒரு காரணம்; பெண்கள் ஆண்களைவிட முன்னதாக மடிந்ததும் ஒரு காரணம். 1960களில் பெண்களின் ஆயுட்காலம் ஆண்களுடையதைக் கடந்தது. 2012இல் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 94 ஆண்களே இருந்தனர். பிள்ளைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தபொழுதும், பெண்சிசுவை நீக்கி ஆண்மகவைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அங்கு வேரூன்றவில்லை.

5. மலையகத் தாய்மார்

இவ்வரலாற்றில் தனியே கூறப்பட வேண்டியவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்ட நம் மக்கள் அவர்கள். நாட்டின் சராசரிகள் உயர்ந்தபொழுதும் அவர்களின் குழந்தைகளே அதிகமாக மடிந்தனர். அவர்களின் பெண்களே கல்வியில் பின்தங்கினர். 1970களின் உணவுத் தட்டுப்பாட்டில் முதலில் பட்டினி கிடந்தவர்களும் அவர்களே.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது பாட்டனின் பிறப்பு இத்தீவில் நிகழ்ந்ததற்குச் சான்று கேட்டது. லயன் அறையில் பிறந்து, பதிவேதுமின்றி வளர்ந்தவர் எந்த ஏட்டைக் காட்டுவர்? பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இவ்வொப்பந்தத்தில் ஒரு சொற்றொடரை இறையியல் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அம்மக்களோடு அவர்களுடைய இயற்கைப் பெருக்கமும் அவ்வந்நாட்டைச் சாரும் என்று அது கூறியது. அதாவது, இன்னும் பிறவாத குழந்தைகளும் விகிதாசாரப்படி பங்கிடப்பட்டனர். தாயின் கருவில் உருவாகுமுன்னே நம்மை அறிந்தவர் இறைவன் என்று நாம் பிரசங்கிக்கிறோம். இங்கே அரசுகளும் அக்குழந்தைகளை முன்னறிந்தன, இறக்கி வைக்க வேண்டிய சுமையாக. மண்டபம் முகாம் வழியாக வந்து நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் குடியேறியவர் பலரின் பேரப்பிள்ளைகள் இன்று நம் சபைகளில் அமர்ந்திருக்கின்றனர். அங்கே எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெரும்பாலும் தீர்ந்தது.

1980 முதல் இலங்கை அரசு கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை வழங்கிற்று. ஒரு நாட்கூலியை இழந்தாலும் அடுப்பெரியாத வீட்டில் அத்தொகைக்குரிய கவர்ச்சி பெரிது. தோட்டங்களில் தாய்மார் பிற முறைகளை அறியாமலே அறுவைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர் என்றும், அவர்தம் சம்மதம் பெயரளவிலேயே இருந்தது என்றும் ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். தோட்ட நிர்வாகத்துக்குப் பிள்ளைபெறாத தொழிலாளி விடுப்புக் கேளாத தொழிலாளி. நாட்டின் பிற தாய்மார் கல்வியால் அடைந்த அதே எண்ணை இத்தாய்மார் நெருக்கடியால் அடைந்தனர். புள்ளிவிவரப் பட்டியலில் இரண்டும் ஒரே வரியில் நிற்கின்றன. கடவுளின் முன்னிலையில் அவை ஒன்றல்ல.

6. எண்ணிக்கை பற்றிய அச்சம்

பிறப்பு விகிதம் சமுதாயங்களுக்கிடையே பகை மூட்டும் கருவியாகவும் ஆயிற்று. குடும்பத் திட்டம் பெரும்பான்மையோரின் தொகையைக் குறைத்துவிடும் என்ற எதிர்ப்பு 1960களின் பிற்பகுதியிலேயே எழுந்தது. போர் முடிந்த பின்னர், இஸ்லாமியர் பெருகி நாட்டைக் கைப்பற்றுவர் என்ற பிரசாரம் வலுத்தது. 2019இல் குருநாகலில் ஓர் இஸ்லாமிய மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்கு அவர்கள் அறியாமல் கருத்தடை செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானார். அதற்குச் சான்று இல்லை எனப் புலனாய்வுத் துறையினர் நீதிமன்றத்தில் அறிவித்தனர். பின்னர் அவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். மறுபுறம், 2013இல் கிளிநொச்சிப் பகுதியில் தமிழ்த் தாய்மாருக்கு வற்புறுத்திக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது என்ற முறையீடு வெளியாயிற்று.

ஒரு தரப்பில் பொய்யான பழி, மறுதரப்பில் வேதனையான முறையீடு. இரண்டிலும் பெண்ணின் உடல் இனங்கள் போரிடும் களமாயிற்று. தனக்கு எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று அவளை எவரும் கேட்கவில்லை.

7. மதுரைச் சமவெளியிலிருந்து நோக்குகையில்

இத்தீவின் கதையைக் கேட்டு நம்மை நாமே உயர்வாக எண்ணிக்கொள்ள இடமில்லை. மதுரைக்கு மேற்கே சமணர் மலையின் அடிவாரத்திலுள்ள கீழக்குயில்குடியை எடுத்துக்கொள்வோம். மலையின் குகையிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் கொல்லாமையைப் போதித்தனர். 1914இல் இவ்வூர்க் கள்ளர் மக்கள்மீது குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. பிறப்பினாலேயே ஒரு குழந்தை சந்தேகத்துக்குரியது என்று அரசு எழுதிவைத்த காலம் அது. ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளை அரசு தன் ஏட்டில் எவ்வாறு நோக்குகிறது என்னும் கேள்வி மலையகத்துக்கு மட்டும் உரியதன்று.

தமிழ்நாட்டிலும் மகப்பேற்று விகிதம் விரைந்து சரிந்தது. 1971ஐ ஒட்டி 3.9 ஆக இருந்தது 1990களின் தொடக்கத்தில் ஈடுசெய்யும் அளவாகிய 2.1ஐ அடைந்தது, 2020இல் 1.4 எனக் கணக்கிடப்பட்டது. நம் சரிவின் வரலாற்றில் 1956 முதலே சென்னை மாநிலம் கருத்தடை அறுவைக்கு அளித்த உதவித்தொகையும், 1975-77 நெருக்கடிநிலைக் காலத்தில் நாடெங்கும் நிகழ்ந்த கட்டாயமும் உண்டு. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்யப்பட்டது. அதே சமயம் சத்துணவும் பேருந்து வசதியும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும் பெண் கல்வியும் ஆற்றிய பங்கும் உண்டு.

ஆயின் இலங்கையில் நேராத ஒன்று இங்கே நேர்ந்தது. 1986இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலை இதழ்களில் வெளியாயிற்று. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இக்கொடுமையை ஒரு சாதியின் பழக்கம் என்று கூறி ஒதுக்குவது எளிது, உண்மையன்று. வரதட்சணையும் செய்முறையும் நிலவுடைமையில் பெண்ணுக்கு இடமின்மையும் பல சமுதாயங்களில் இதனை விளைவித்தன. கையால் செய்தது நின்றுபோன இடங்களில் ஸ்கேன் கருவி அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர்.

ஆக, குடும்பம் சிறிதாவதனால் மட்டும் பெண் விடுதலை பெறுவதில்லை. பெண்ணின் மதிப்பு உயர்ந்தபின் குடும்பம் சிறிதான இடத்தில் மகளும் வாழ்ந்தாள். மதிப்பு உயருமுன் குடும்பம் சிறிதான இடத்தில் மகளே கழிக்கப்பட்டாள். இலங்கை வரலாற்றையும் நம் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் நாம் கற்கும் தலையாய பாடம் இதுவே.

8. திருச்சபை கூற வேண்டுவது யாது?

பலுகிப் பெருகும் ஆசியை (ஆதி. 1:28) எண்ணிக்கைக் கட்டளையாக வாசித்தோர் பலர். ஆங்கிலிக்க ஆயர்களின் லாம்பெத் மாநாடு 1920 வரையிலும் கருத்தடையைக் கண்டித்தது. 1930இல் வரையறைகளோடு அனுமதித்தது. 1958இல் பொறுப்புள்ள குடும்பத் திட்டத்தைப் பெற்றோரின் கடமைகளுள் ஒன்றாகவே ஏற்றது. உரோமைத் திருச்சபை 1968இல் செயற்கை முறைகளை மறுத்தது. நம் சபைகள் பெரும்பாலும் முன்னைய வழியைப் பின்பற்றின. ஆயினும் நாம் அதனை இறையியலாகச் சிந்தித்து ஏற்றோமா, அரசின் சுவரொட்டியைப் படித்து ஏற்றோமா என்பது கேட்கத்தக்க கேள்வி. சிந்தியாமல் ஏற்றதனால்தான், இன்று அரசியல் காற்று மறுபுறம் வீசுகையில் நம்மிடம் சொல்வதற்குச் சொல் இல்லை.

அந்த ஆசி முதலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே கூறப்பட்டது. இறைச்சாயலைப் பற்றிய வசனத்தை அடுத்தே அது நிற்கிறது. இறைச்சாயலைச் சிதைக்கும் பெருக்கமும் ஆசியன்று. சிதைக்கும் குறைப்பும் ஆசியன்று. ஆதலின் அதிகம் பெறுங்கள் என்று கூறும் தலைவருக்கும், குறைவாகப் பெறுங்கள் என்று கூறிய தலைவருக்கும் திருச்சபை ஒரே கேள்வியை எழுப்ப வேண்டும்: யாருடைய நலனுக்காக?

யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. எபிரெயர் பெருகுவதைக் கண்டு பார்வோன் அஞ்சினான். போரில் அவர்கள் பகைவரோடு சேர்ந்துகொள்வர் என்பது அவன் வாதம். அவ்வச்சமே முதலில் கடின வேலையாகவும், பின்னர்ச் சிசுக் கொலையாகவும் உருவெடுத்தது. அவனை எதிர்த்து நின்றோர் சேனாதிபதிகள் அல்லர். சிப்பிராள், பூவாள் என்னும் இரு மருத்துவச்சிகள். பார்வோனின் பெயரைக் கூறாத வேதம் அப்பெண்களின் பெயரைப் பொறித்து வைத்துள்ளது. தாவீது மக்களைத் தொகையிட்டதும் (2 சாமு. 24) வேதத்தில் புகழப்படவில்லை. தொகை தன் பலம் என்று அரசன் எண்ணும் இடத்திலெல்லாம் தீங்கு நெருங்குகிறது. நம் ஆண்டவரும் ஒரு குடிமதிப்பின்போதே பிறந்தார் (லூக். 2:1-7), எண்ணச் சொன்ன பேரரசு அவருக்கு இடம் தரவில்லை.

இதிலிருந்து நம் பணிக்குச் சில கடமைகள் பெறப்படுகின்றன. திருமண ஆயத்த வகுப்புகளில் பிள்ளைப்பேற்றினைப் பற்றிக் கணவனும் மனைவியும் கலந்து தீர்மானிப்பதைக் கற்பிக்க வேண்டும்; அத்தீர்மானத்தில் மாமியாருக்கோ மேடைப் பேச்சாளருக்கோ முதலிடம் இல்லை. வரதட்சணை பேசிய திருமணத்தை அறிந்தே ஆசீர்வதிக்கும் ஆயர் பெண்சிசுக் கொலையைப் பிரசங்கபீடத்தில் கண்டிப்பதனால் பயனில்லை. பிள்ளையில்லாத தம்பதியரையும் மணமாகாதோரையும் சபையில் குறைவுபட்டவர்களாக நடத்துதல் நற்செய்திக்கு முரண்பட்டது. திருமுழுக்கினால் பிறக்கும் குடும்பம் இரத்த உறவிலும் பெரிதல்லவா?

முதியோரைப் பற்றியும் எண்ண வேண்டும். 2012இலேயே இலங்கை மக்களில் எட்டிலொருவர் அறுபது வயதைக் கடந்தவர். தமிழ்நாடும் அதே பாதையில் செல்கிறது. ஒரே மகன் சென்னையிலோ துபாயிலோ இருக்க, கிராமத்தில் தனித்திருக்கும் விதவைத் தாயைக் காணாத ஆயர் நம்மிடையே இல்லை. யோப்பா, எருசலேம் சபைகள் விதவைகளைப் பராமரித்ததுபோல் (அப். 6, 9) நம் சபைகளும் ஒழுங்கான பராமரிப்பை அமைக்க வேண்டிய காலம் இது. முதுமையின் சுமையை நீக்க இளம்பெண்களை அதிகப் பிள்ளைகள் பெறச் சொல்வதைவிட, அச்சுமையைச் சபை பகிர்ந்துகொள்வதே கிறிஸ்துவின் பிரமாணத்துக்கு ஏற்றது.

முடிவுரை

இலங்கைத் தீவில் ஒரு பெண்ணுக்கு ஐந்து பிள்ளைகள் என்றிருந்தது இரண்டாகக் குறைய ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. குழந்தைகள் பிழைத்ததால், தாய்மார் பிழைத்ததால், மகள்மார் கற்றதால் நிகழ்ந்த பகுதி அவ்வரலாற்றின் மாட்சி. பிறவாத பிள்ளைகளையும் அரசுகள் பங்கிட்டதும், ஏழைத் தாயின் சம்மதத்தை விலைக்கு வாங்கியதும், அயலான் பெருகுகிறான் என்று பகை மூட்டியதும் அதன் இழிவு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்ற ஆயரே, நாளை தம் ஊரில் ஓர் இளம் தம்பதியர் வந்து ஆலோசனை கேட்கும்பொழுது, நாட்டின் கணக்கை அவர்கள்மீது சுமத்தாமல், அவர்களோடு அமர்ந்து ஜெபித்து, அவர்கள் தீர்மானத்துக்குத் துணைநிற்க வல்லவராவார்.